நடைப்பொறி ஏன் நின்றுபோகிறது?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேசுவரராவ் பூங்காவின் நடைபாதை வெறிச்சோடிவிடும். தியாகராயநகர் பனகல் பூங்காவிலும் இதே நிலைதான். காலை நடைக்குப் பழகியவர்கள் அந்நாட்களில் வீட்டிலேயே நடக்க வழி தேடுகிறார்கள். டிரெட்மில் என்று நாம் அழைக்கும் நடைப்பொறி இப்படித்தான் பல அடுக்ககங்களில் கூடத்தின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அத்தகைய வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். இதயச் சிகிச்சை பெற்ற பெரியவர் ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. அவர் பொறியை முடுக்குகிறார். ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு காலடியில் பட்டை தயங்குகிறது. சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. எதிரேயுள்ள எண்பலகையின் விளக்கோ அணையவில்லை. கைப்பிடியைப் பற்றியிருந்ததால் பெரியவர் விழாமல் தப்பினார். 'மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான்' என்கிறார் மகன். 'கரண்ட் சரியில்லை' என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இவர்களில் யார் சொல்வது சரி?

இயந்திரம் நிற்பது புதிய தொல்லையன்று. மனிதன் சக்கரம் சுழற்றத் தொடங்கிய நாளிலிருந்தே அது உண்டு. நடைப்பொறியின் வரலாற்றைச் சிறிது புரட்டினால் பழுதைத் தேடும் வழியும் நமக்குக் கிடைக்கும்.

மனிதன் இழுத்த பொறி

இன்று பொறி ஓட, அதன்மேல் நாம் நடக்கிறோம். முன்னாளில் மனிதன் நடந்தான். அதனால் பொறி ஓடியது. தமிழகத்துக் கிணறுகளில் இருந்த ஏற்றத்தை எண்ணிப் பாருங்கள். துலா மரத்தின்மேல் ஒருவரோ இருவரோ முன்னும் பின்னும் நடப்பார்கள். கிணற்றுப் பக்கமாக நடந்தால் சால் இறங்கும். எதிர்ப்பக்கமாக நடந்தால் நீரோடு மேலேறும். நடப்பவரின் உடல் எடையே அங்கு எரிபொருள். ரோமானியர்களும் பெரிய சக்கரத்தினுள் ஆட்களை நடக்கவிட்டுக் கட்டடக் கற்களைத் தூக்கினார்கள்.

இந்த எண்ணத்தைச் சிறைச்சாலைக்குக் கொண்டுசென்றவர் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். ஏறத்தாழ 1818-இல் அவர் வகுத்த சக்கரத்தில் நீளமான படிகள் இருந்தன. கைதிகள் வரிசையாக நின்று படிகளில் ஏறிக்கொண்டேயிருப்பார்கள். படிகள் கீழே இறங்கிக்கொண்டேயிருக்கும். 1821-இல் இலண்டனின் பிரிக்ஸ்டன் சிறையில் அது நிறுவப்பட்டுத் தானியம் அரைக்கப் பயன்பட்டது. சில சிறைகளில் அரைக்க எதுவும் இல்லாததால் சக்கரத்தோடு பெரிய விசிறித் தகடுகளைப் பூட்டி, காற்றையே அரைக்க வைத்தார்கள்! பயனற்ற இந்தக் கொடுமைக்கு இங்கிலாந்தில் 1898-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் முடிவு கட்டியது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மனிதன் நீடித்து அளிக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட்தான். சுமை அதற்கு மேல் போனால் சக்கரம் மெல்லச் சுழலும், பிறகு நிற்கும். நின்றதற்குக் காரணம் மனிதனிடமும் இருக்கலாம், சுமையிலும் இருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே நமது முதல் பாடம்.

சென்னையில் நின்ற டிராம்

மனிதனின் இடத்தை மின்சார மோட்டார் பிடித்தபோது மூன்றாவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. திறன் பிறக்கும் இடம் ஒன்று, செலவாகும் இடம் வேறொன்று என்றாகிவிட்டதல்லவா? இரண்டுக்கும் இடையிலுள்ள பாதையிலும் பழுது நேரலாம். இதற்கு நம் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது.

1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் என்பவர் மின்சார டிராம் வண்டிகளை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அடுத்த ஏழே ஆண்டுகளில், 1895 மே 7 அன்று, சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிவிட்டது. இந்தியாவின் முதல் மின்சார டிராம் அதுவே.

சென்னை டிராமுக்கு முதலில் மேலே கம்பி கிடையாது. தெருவுக்கு அடியில் ஒரு குழி, அதனுள் மின்கடத்திகள், மேலே ஒரு நீண்ட பிளவு. வண்டியின் அடியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவின் வழியே இறங்கி மின்சாரத்தைத் தொட்டு வரும். ஆங்கிலேயர் அதற்குக் 'கலப்பை' என்றே பெயரிட்டார்கள். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். இலண்டனிலும் வாஷிங்டனிலும் இம்முறை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரைகூட நீடித்தது.

சென்னையின் நிலமோ சமதளம். ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். குழிக்குள் வெள்ளம் புகுந்தால் என்ன ஆகும்? மின்சாரம் மோட்டாரைத் தேடிப் போகாமல் நீரின் வழியே நிலத்துக்குள் கசிந்துவிடும். வண்டி நிற்கும். பருவமழைகளில் பட்ட பாட்டுக்குப் பிறகு குழிமுறை கைவிடப்பட்டு, தலைக்கு மேலே கம்பி கட்டப்பட்டது. அதன்பின் மயிலாப்பூர்வரை கணகணவென்று மணியடித்துக்கொண்டு ஓடிய டிராம், 1953 ஏப்ரல் 12-ஆம் நாள் நிரந்தரமாக நின்றது. அதற்குக் காரணம் மின்சாரம் அன்று, பணம்.

மழையில் வண்டி நின்றதற்கு மோட்டார் காரணமன்று. மின்சாரம் வந்த பாதையே காரணம். பொறியாளர்கள் பாதையை மாற்றினார்கள், வண்டி ஓடியது.

வீட்டிலுள்ள பாதை

டிராம் வண்டியும் வீட்டு நடைப்பொறியும் ஒருவகையில் உறவினர்களே. டிராமில் தரை நிற்க, வண்டி ஓடுகிறது. நடைப்பொறியில் வண்டி நிற்க, தரை ஓடுகிறது! இரண்டிலும் வேலை செய்வது மோட்டார். வீட்டுப் பொறிகள் பலவற்றில், டிராமில் இருந்ததைப் போலவே, கார்பன் பிரஷ் வைத்த நேர்மின்னோட்ட மோட்டார்தான் இருக்கிறது.

எனவே முதலில் பாதையைப் பார்ப்போம். சுவரிலுள்ள பிளக் தளர்ந்திருக்கிறது. அங்கே 1 ஓம் அளவு தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். பொறி 10 ஆம்பியர் இழுக்கும்போது 10 வோல்ட் அங்கேயே வீணாகிறது. அது மட்டுமா? 100 வாட் வெப்பம் அந்தச் சிறு இடத்தில் பிறக்கிறது. பிளக் சுடுவதும் கருகல் நாற்றம் வருவதும் இதனால்தான். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கார்டும் இதே தீங்கைச் செய்யும். நடைப்பொறிக்குத் தனியாக ஒரு பவர் பிளக் வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

தமிழகத்தில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2012-ஆம் ஆண்டில் சென்னையில் நாள்தோறும் 2 மணி நேரம் மின்சாரம் நின்றது. மாவட்டங்களில் அதைவிட அதிக நேரம். அந்த ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. விளக்குக்கும் மின்விசிறிக்கும் கணக்கிட்டு வைத்த இன்வெர்ட்டர், 1 அல்லது 2 குதிரைத்திறன் மோட்டாரைத் தாங்காது. நடைப்பொறியின் பிளக் அந்த இணைப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நலம்.

அடையாறு, பெசன்ட்நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் ஈரமும் வேறு உள்ளன. பால்கனியில் வைத்த பொறியின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும், மின்கசிவும் தோன்றலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனம் அப்போது 'டிரிப்' ஆகும். அதைத் தொல்லையென்று நினைத்து விலக்கிவைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

பாதையில் பழுது என்பதற்கு எளிய அடையாளம் உண்டு. பட்டை நிற்கும்போது எண்பலகையும் சேர்ந்து அணைந்துவிட்டால் பெரும்பாலும் மின்சாரம் வரவில்லை என்றே பொருள். பெரியவர் வீட்டில் எண்பலகை அணையவில்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரரின் ஊகம் பலிக்கவில்லை.

வேகத்தை ஆளும் பலகை

டிராம் ஓட்டுநர் ஒரு கைப்பிடியைத் திருப்பி வேகத்தை மாற்றினார். அதற்குள் இருந்த தடைச்சுருள்கள் மின்சாரத்தின் ஒரு பகுதியை வெப்பமாக விரயம் செய்தன. 1891-இல் ஹாரி வார்டு லியோனார்டு என்ற அமெரிக்கர், மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தத்தையே கூட்டிக் குறைக்கும் முறையை அளித்தார். ஆனால் அதற்குத் தனி ஜெனரேட்டர் வேண்டியிருந்தது. 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தைரிஸ்டர் என்னும் குறைகடத்திக் கருவியை வெளியிட்டபின், ஓர் அறை நிறைய இருந்த ஏற்பாடு உள்ளங்கையளவு பலகைக்குள் அடங்கும் வழி பிறந்தது.

நடைப்பொறியும் அக்காலத்தில்தான் மருத்துவமனைக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் ராபர்ட் புரூசும் பொறியாளர் வெயின் குவின்டனும் 1950-களில் இதய நோயாளிகளுக்கான நடைப்பொறியை உருவாக்கினார்கள். 1963-இல் புரூஸ் வெளியிட்ட முறைப்படி, மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் 10 சதவீதச் சரிவில் நடை தொடங்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். நம் ஊரில் 'டி.எம்.டி. டெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். 1968-இல் கென்னத் கூப்பர் எழுதிய உடற்பயிற்சி நூலைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற பொறியாளர், வீட்டில் வைக்கத்தக்க மலிவான பொறியைச் செய்தார். தண்டனைக் கருவி இப்படி மருந்தாக மாறியது.

இன்றைய பலகை வேகத்தை மாற்றுவதோடு நிற்பதில்லை; மோட்டார் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றும் கேட்டறிகிறது. உருளையில் ஒரு சிறு காந்தம், அருகே ஓர் உணர்கருவி. சுற்றுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகும். தூசி படிந்தோ இடம் நகர்ந்தோ இந்தத் துடிப்பு போய்ச் சேராவிட்டால், மோட்டார் நன்றாக ஓடினாலும் பலகை அஞ்சிச் சில நொடிகளில் நிறுத்திவிடும். முடுக்கிய சில நொடிகளுக்குள் ஒவ்வொரு முறையும் பொறி நின்றால் முதலில் ஐயப்பட வேண்டியது இந்த உணர்கருவியை. பெரியவரின் பொறி ஐந்து நிமிடம் ஓடியது. ஆகவே இதுவும் பெரும்பாலும் அன்று.

சுமையின் கணக்கு

எஞ்சியது சுமை. பட்டை ஒரு மரப்பலகையின்மேல் வழுக்கிச் செல்கிறது. நடப்பவர் 75 கிலோ எடையுள்ளவர் என்றால் பலகையை அழுத்தும் விசை ஏறத்தாழ 735 நியூட்டன். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், பட்டையை இழுக்க 110 நியூட்டன் வேண்டும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் அது 184 வாட். பலகையில் தடவிய சிலிக்கோன் எண்ணெய் உலர்ந்து, தூசியும் சேர்ந்து, கெழு இரு மடங்கானால் திறனும் இரு மடங்காகி 368 வாட் ஆகும்.

'மெதுவாக நடந்தால் சரியாகிவிடுமே' என்று தோன்றலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இவ்வகை மோட்டாரில் ஓடும் மின்னோட்டம் இழுக்கும் விசையைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்ததன்று. மெதுவாக நடந்தாலும் உராய்வு அப்படியே இருப்பதால் மின்னோட்டம் குறைவதில்லை. மோட்டாரோடு சுழலும் விசிறி மட்டும் மெதுவாகிவிடும், சூடு ஏறும். சூட்டையோ மிகை மின்னோட்டத்தையோ உணர்ந்த பலகை பொறியை நிறுத்துகிறது.

இதைச் சோதிக்க ஓர் அழகான வழி உண்டு. பொறியைச் சரிவாக வையுங்கள். 10 சதவீதச் சரிவில் நம் எடையே ஏறக்குறைய 73 நியூட்டன் விசையோடு பட்டையைக் கீழ்நோக்கித் தள்ளும். கியூபிட்டின் சக்கரத்தைக் கைதிகள் சுழற்றியது இதே முறையில்தான்! சமதளத்தில் நிற்கும் பொறி சரிவில் நன்றாக ஓடினால் குற்றவாளி உராய்வே. ஆனால் சரிவில் நடப்பது உடலுக்குக் கடினம். இச்சோதனையை நோயாளி செய்யக்கூடாது, வீட்டிலுள்ள வேறொருவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு செய்யட்டும். எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருந்தால், ஆள் ஏறாதபோதும் ஏறியபோதும் மின்னோட்டத்தை அளந்து இன்னும் உறுதியாகச் சொல்வார்.

பெரியவர் வீட்டில் மகன் ஏறி நடந்து பார்த்தார். சரிவில் பொறி நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பட்டையின் விளிம்பைத் தூக்கி விரலால் தடவினால் சொரசொரப்பு. எண்ணெய்ப் பசையே இல்லை. தூசியைத் துடைத்து, பொறியின் கையேட்டில் சொன்ன அளவு சிலிக்கோன் எண்ணெய் இட்டதும் தயக்கம் நீங்கியது. தேங்காய் எண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் இதற்கு ஆகா. அவை பட்டையைக் கெடுக்கும். மோட்டார் மூடியைத் திறப்பது மட்டும் தெரிந்தவர் கையில் இருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பலகையிலுள்ள மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

மகன் சொன்னபடி புதிய மோட்டார் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் அதே உலர்ந்த பலகையை இழுத்து, அதேபோல் சூடாகி நின்றிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டிருந்தால் நிற்காமல் எரிந்திருக்கும். பொறி நின்றது அதன் குற்றமன்று. தன்னைக் காத்துக்கொள்ள அது எழுப்பிய குரல். மின்சாரம், ஆளும் பலகை, சுமை என்ற வரிசையில் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகத் தேடினால், ஒரு புட்டி எண்ணெயில் தீரக்கூடிய பழுதுக்கு ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டியதில்லை. நடக்க வேண்டியவரின் நடையும் தடைப்படாது.