முதுகில் எழுதியவர்கள்

ஒட்டுப் போட்ட துணி என்றால் ஏழையின் துணி. கிழிசலை மறைக்க இன்னொரு துண்டை வச்சுத் தைக்கிறது. வெளியே தெரிஞ்சா கேவலம் என்று அதே நிறத்தில் நூல் தேடுவார்கள். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிழிசலே இல்லாத இடத்தில் ஒட்டுப் போட்ட ஒரு சட்டை உண்டு. கைகளை வெட்டி எறிந்த நீல டெனிம் மேல்சட்டை. முதுகு, மார்பு, விலா எங்கும் ஒட்டுகள்: இசைக்குழுவின் பெயர், மண்டையோடு, முழக்கம். ஹெவி மெட்டல் ரசிகர்கள் இதைப் 'போர்ச் சட்டை' என்கிறார்கள். பங்க் இளைஞர்களிடமும் இதற்குத் தம்பி முறையில் ஒரு சட்டை உண்டு.

ஃபேஷன் எழுத்தாளர்கள் இதை ராக் இசையின் அலங்காரம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். யாருடைய உடம்பில் இருந்தது, எதற்காகப் போட்டார்கள் என்று கேட்டால் வரலாறு வேறு பக்கம் திரும்புகிறது.

முதலில் துணி. டெனிமின் நீலம் அவுரியின் நீலம். 1740களில் தென் கரோலினாவில் அவுரி பெரும் பணப்பயிரானது. அதை விளைவித்துச் சாயம் இறக்கியவர்கள் கருப்பின அடிமைகள். டெனிமுக்கு உறவான முரட்டுத் துணிக்கு 'டங்கரி' என்று பெயர். அது பம்பாயின் டோங்ரி பகுதியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். 1873 மே 20 அன்று, ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரரும் லெவி ஸ்ட்ராஸ் என்ற ஜவுளி வியாபாரியும், செம்பு ஆணி அடித்த கால்சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். மரம் வெட்டுபவர், சுரங்கத்தில் இறங்குபவர், ரயில் பாதை போடுபவர் கட்டிய துணி அது. 1960களில் மிசிசிப்பி கிராமங்களுக்குப் போன கருப்பின மாணவர் இயக்கத்தினர், குத்தகை விவசாயிகளின் டெனிம் உடையையே வேண்டுமென்று அணிந்தார்கள். அதுவரை போராட்டத்துக்கு வருபவர் ஞாயிற்றுக்கிழமை கோயில் உடுப்பில் 'மரியாதையாக' வரவேண்டும். 1963 ஏப்ரல் 12 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கைதானபோது மார்ட்டின் லூதர் கிங்கும் டெனிமில்தான் இருந்தார். உழைப்பவன் துணியைப் போடுவது ஒரு பேச்சாகவே ஆகியிருந்தது.

அடுத்து ஒட்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலருக்குக் குடும்ப வாழ்க்கை ஒட்டவில்லை. கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் சேர்ந்தன. பட்டாளத்தில் தோளில் ஒட்டிய சின்னம் இங்கே முதுகுக்கு வந்தது. மேலே கூட்டத்தின் பெயர், நடுவில் சின்னம், கீழே ஊர். 'நிறம்' என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் வெள்ளையர்களான இவர்களைப் பற்றித்தான் சினிமா எடுத்தார்கள், புத்தகம் போட்டார்கள்.

அதே சட்டையை 1960களின் கடைசியில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் கருப்பினப் பிள்ளைகளும் புவெர்ட்டோரிக்கப் பிள்ளைகளும் போட்டுக்கிட்டு நின்றார்கள். அந்தப் பகுதியின் குறுக்கே நெடுஞ்சாலை போடுவதற்காக ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீட்டைவிட்டுக் கிளப்பியிருந்தார்கள். மிச்சமிருந்த கட்டடங்கள் பிறகு எரியத் தொடங்கின. வேலை கிடையாது, பள்ளி கிடையாது, பத்திரிகையில் பெயர் வந்தால் குற்றப் பட்டியலில்தான் வரும். 'சாவேஜ் ஸ்கல்ஸ்', 'பிளாக் ஸ்பேட்ஸ்', 'கெட்டோ பிரதர்ஸ்' என்று கூட்டங்கள் கட்டினார்கள். பெயரைப் பாருங்கள்: 'சாவேஜ்' என்றால் காட்டுமிராண்டி, 'கெட்டோ' என்றால் சேரி. அடுத்தவன் வசவாகச் சொன்னதைத் தானே எடுத்து முதுகில் எழுதிக்கொண்டான்! பெயரே கேட்காத ஊரில் சட்டையையே பெயர்ப்பலகை ஆக்கினார்கள். அடுத்த தெருவுக்குள் அந்தச் சட்டையோடு நுழைந்தால் அடி விழும், உயிரும் போகும்.

1971 டிசம்பர் 2 அன்று, கூட்டங்களுக்கு இடையே சமாதானம் பேசப் போன 'பிளாக் பென்ஜி' என்ற கெட்டோ பிரதர்ஸ் தோழரைக் கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தலைவர் பெஞ்சமின் மெலெண்டெஸ் மறுத்துவிட்டார். டிசம்பர் 8 அன்று ஹோ அவென்யூவில் ஒரு சிறுவர் மன்றத்தில் எல்லாக் கூட்டங்களும் உட்கார்ந்து பேசின, சமாதானம் ஆனது. தெரு விட்டுத் தெரு போய் இசை கேட்க வழி பிறந்தது. 1973 ஆகஸ்டில் அதே பிராங்க்ஸில்தான் ஹிப்ஹாப் பிறந்தது என்பார்கள். 1993இல் இவர்களைப் பற்றி வந்த ஆவணப்படத்தின் பெயரே 'ஃபிளையிங் கட் ஸ்லீவ்ஸ்', கை வெட்டிய சட்டையைக் கொடியாகப் பறக்கவிடுவது. இருந்தும் ஒட்டுச் சட்டை வரலாற்றில் பிராங்க்ஸுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அபூர்வம்.

இங்கிலாந்துப் பிள்ளைகள் பிராங்க்ஸைப் பார்த்துத் தைத்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இருவருக்கும் மூத்த சட்டை மோட்டார் சைக்கிள்காரர்களுடையது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் தகடு வெட்டும் ஆலையில், வேலையின் கடைசி நாளில், வலது கை விரல் நுனிகள் இரண்டை இழந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, பழைய தோல் சட்டையில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டிக்கொண்டு கிட்டார் வாசித்தான். 1970இல் பிளாக் சப்பாத்தின் முதல் இசைத்தட்டு வந்தது. ஹெவி மெட்டல் அங்கே தொடங்குகிறது என்பார்கள். ஆலை வெட்டிய விரலுக்குப் போட்ட ஒட்டு!

1979க்குப் பிறகு பிரிட்டனில் புதிய மெட்டல் அலை எழுந்தது. நிலக்கரி ஊரான பார்ன்ஸ்லியிலிருந்து வந்த சாக்சன் குழு 1981இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'டெனிம் அண்ட் லெதர்' என்றே பெயர் வைத்தது. ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலம். ரசிகன் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஒரு ஒட்டு வாங்கித் தானே தைத்துக்கொண்டான், அல்லது அம்மா தைத்துக் கொடுத்தாள். பங்க் பிள்ளைகளோ வாங்குவதையும் விட்டார்கள். பழந்துணியைக் கிழித்து, அச்சு வெட்டி, மை தடவி, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் நூலால்கூடத் தைத்தார்கள்.

இதைக் கலகம் என்று கொண்டாடி நிறுத்தினால் பாதி வரலாறுதான். அதே ஊசி ஸ்வஸ்திகாவையும் தைத்தது. 1976 வாக்கில் லண்டன் பங்க்குகள் சிலர் பெரியவர்களுக்கு அதிர்ச்சி கொடுக்கிறோம் என்று நாஜிச் சின்னத்தை மாட்டினார்கள். தெருவில் நேஷனல் ஃபிரண்ட் கும்பல் கருப்பர்களையும் ஆசியர்களையும் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அடி வாங்குகிறவனுக்கு அது வெறும் அதிர்ச்சியா? பதிலும் உள்ளிருந்தே வந்தது. 1976இல் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' தொடங்கியது. 1978 ஏப்ரல் 30 அன்று விக்டோரியா பூங்காவில் வெள்ளைப் பங்க்குகளும் கருப்பின ரெகே கலைஞர்களும் ஒரே மேடை ஏறினார்கள். 1981இல் அமெரிக்காவின் டெட் கென்னடிஸ் குழு நாஜி பங்க்குகளை விரட்டும் பாடலோடு, ஸ்வஸ்திகாவை அடித்துக் காட்டும் கைப்பட்டையைச் சேர்த்துக் கொடுத்தது. மெட்டல் பக்கம், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடியைத் தைத்தவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். அந்த முதுகுகளுக்குப் பின்னால் நின்று பாட்டுக் கேட்ட கருப்பினப் பெண்ணின் கதையை லைனா டாஸ் 2012இல் எழுதினார். 'நீ இங்கே என்ன பண்றே?' என்பதே அந்தப் புத்தகத்தின் தலைப்பு.

சந்தை சும்மா இருக்குமா? 2015இல் ஒரு பெரிய ஐரோப்பியத் துணிக்கடை, இல்லாத குழுக்களின் பெயர்களை ஒட்டாகப் போட்ட சட்டைகளை விற்றது. மெட்டல்காரர்கள் சிலர் அந்தப் பொய்க் குழுக்களுக்குப் பாட்டும் பொய் வரலாறும் செய்து விட்டார்கள். அதில் ஒரு குழுவுக்கு நாஜிப் பின்னணியும் வைத்தார்கள். எதை விற்கிறோம் என்றே தெரியாமல் விற்கிறாயே என்ற கிண்டல்.

ஆகவே ஒட்டுச் சட்டை இயல்பிலேயே கலகமும் இல்லை, வெறும் ஸ்டைலும் இல்லை. புத்தகம் அச்சடிக்க வழியில்லாதவர்கள் தங்கள் முதுகைப் பக்கமாக்கினார்கள். அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, யாரை மிரட்ட எழுதியிருக்கிறது என்று வாசித்துத்தான் ஆகவேண்டும். வாசிக்கத் தொடங்குகிறவர்கள் பிராங்க்ஸ் பிள்ளைகளின் முதுகிலிருந்து தொடங்கட்டும்.