அட்வான்ஸ்: ஒண்ணு பத்தான கதை

சென்னையில வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு ஒரு வாய்ப்பாடு மனப்பாடம். வாடகை இன்ட்டு பத்து. அதுதான் அட்வான்ஸ். இந்தப் பத்தை யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டா புரோக்கரும் முழிப்பார், ஹவுஸ் ஓனரும் முழிப்பார். பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினா அங்கே பத்து இல்லவே இல்லை. இருந்தது வெறும் ஒண்ணு!

கொஞ்சம் பின்னாடி போவோம். இரண்டாம் உலகப் போர் சமயம். பட்டணத்துல வீட்டுக்குத் தட்டுப்பாடு, வாடகை ஏறுது. 1941ல மதராஸ் அரசு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டு வந்தது. அடுத்த வருஷமே, 1942 ஏப்ரல்ல, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பயந்து பாதி ஊர் மூட்டை கட்டிருச்சு. பயம் தெளிஞ்சு ஜனங்க திரும்பி வந்தாங்க; தட்டுப்பாடும் கூடவே வந்தது. போர் முடிஞ்சும் கட்டுப்பாடு போகலை. 1946ல ஒரு சட்டம், 1949ல இன்னொண்ணு, கடைசியா 1960ல நாம எல்லாரும் 'ரென்ட் கன்ட்ரோல்'னு சொல்ற அந்தச் சட்டம்.

அந்த 1960 சட்டத்தோட 7வது பிரிவுதான் நம்ம கதாநாயகன். வாடகைக்கு மேல பகடி, கிகடி எதுவும் ஓனர் வாங்கக்கூடாது. முன்பணமா ஒரே ஒரு மாச வாடகை வாங்கிக்கலாம். அதுக்கு மேல வாங்கினா திருப்பித் தரணும், இல்லைன்னா குடித்தனக்காரர் விருப்பப்படி கழிச்சுக்கணும். இதுக்கு மாறா ஒப்பந்தத்துல எழுதி வாங்கினாலும் செல்லாது. ஆந்திராவோட அன்றைய சட்டத்துலயும் கிட்டத்தட்ட இதே பிரிவு இருந்தது. கூடூர்ல ஒரு ஹோட்டல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வாடகை பாக்கியைவிட அதிகமா குடித்தனக்காரர் பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு, 'பாக்கி வெச்சுட்டான், வெளியேத்துங்க'ன்னு ஓனர் கேட்க முடியாதுன்னு 1989ல தீர்ப்பு.

சட்டம் இவ்வளவு தெளிவா இருந்தும் ஒண்ணு எப்படி பத்தாச்சு?

எனக்குத் தோணுறது இதுதான். நியாய வாடகைன்னு கணக்கு போட்டா ஓனருக்குக் கட்டுப்படியாகலை. காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டா வருஷக்கணக்குல இழுக்கும். அதனால பிடிமானத்துக்கு ஒரு பெரிய தொகை. புதுசா கட்டின வீட்டுக்கு அஞ்சு வருஷம் சட்டமே கிடையாது. நானூறு ரூபாய்க்கு மேல வாடகை உள்ள குடியிருப்புகளுக்கும் விலக்கு இருந்தது. 1986ல ரத்தன் ஆர்யா வழக்குல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. அதுக்குள்ள பழக்கம் வேர் விட்டுருச்சு. நம்மாளும் 'வீடு கிடைச்சா போதும்'னு நீட்டின இடத்துல கையெழுத்துப் போடுற ரகம். எவன் கோர்ட்டுக்குப் போவான்?

என் கதையும் உண்டு. அஞ்சு வருஷம் இருந்த வீட்டைக் காலி பண்ணப்போ, ஓனர் 'பெயிண்டிங்'னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சாரு. அஞ்சு வருஷத்துல யார் குடியிருந்தாலும் சுவர் மங்கத்தானே செய்யும்? சரி, அது போகட்டும். மீதியை 'அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்'னாரு. புது வீட்டுக்கோ அன்னிக்கே அட்வான்ஸ் கட்டணும். அம்மாவோட வளையல் அடகுக்கடைக்குப் போச்சு. பழைய பணம் வந்து சேர்ற வரைக்கும் வட்டி நான் கட்டினேன். என் பணத்துக்கு நானே வட்டி! சாவியைக் குடுக்கிற நாளுக்கும் பணம் கைக்கு வர்ற நாளுக்கும் நடுவுல இருக்கே அந்த இடைவெளி, அங்கேதான் குடித்தனக்காரன் மாட்டிக்கிறான்.

இப்போ சட்டம் மாறிடுச்சு. 1960 சட்டம் போய், 2017ல இயற்றின புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல அமலுக்கு வந்தது. இதுல மூணு மாச வாடகைதான் டெபாசிட். ஆனா 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்'னு ஒரு வாசகம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதாவது பத்துக்கு நீங்க கையெழுத்துப் போட்டா பத்துதான். அதிகமா எழுதி வாங்கினா செல்லாதுன்னது பழைய சட்டம். எழுதிக் குடுத்தா செல்லும்கிறது புதுச் சட்டம். முன்னேற்றமா பின்னேற்றமா, நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒரு நல்லது: காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி ஏதும் இருந்தா கழிச்சுக்கிட்டு, டெபாசிட்டைத் திருப்பித் தரணும்னு இதுல தெளிவா இருக்கு. மத்திய அரசோட 2021 மாதிரிச் சட்டம் இன்னும் ஒரு படி மேல; குடியிருப்புக்கு ரெண்டே மாசம், அதுவும் வீட்டை ஒப்படைக்கும்போதே திருப்பித் தரணும். ஆனா அது மாதிரிதான், மாநிலம் ஏத்துக்கிட்டாத்தான் உண்டு.

அதனால மக்களே, அட்வான்ஸை ரொக்கமா குடுக்காதீங்க, பேங்க் வழியா குடுங்க. தொகையையும், பெயிண்டிங் யார் செலவுங்கறதையும் ஒப்பந்தத்துல எழுதி, வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணுங்க. குடி போற அன்னிக்கே சுவரை போட்டோ எடுத்து வைங்க.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லீங்க, மூணு தடவை வீடு மாத்தின சாமானியன். உங்க ஓனர் முழு அட்வான்ஸையும் சொன்ன தேதியில திருப்பிக் குடுத்திருந்தா, அவசியம் பின்னூட்டத்துல சொல்லுங்க. அப்படிப்பட்டவங்களைப் பத்தியும் நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்.