கெல்லி மாளிகையும் மாரியம்மன் கோயிலும்

ஈப்போ நகருக்குத் தெற்கே, கிந்தாப் பள்ளத்தாக்கில், ஒரு பகற்பொழுதிற்குள் வண்டியேறியும் நடந்தும் கண்டுவரத்தக்க சிற்றூர்கள் பல உள. ‘யானைக்கல்’ எனப் பொருள்படும் பத்து காஜா, ஈயத்தால் வளர்ந்த கோப்பேங், 1938-இல் கட்டப்பெற்று 1982 வரை உழைத்த ஈயக் கப்பல் நிற்கும் தஞ்சோங் துவாலாங் ஆகியவை அவற்றுட் சில. விடுமுறை நாட்களில் இப்பக்கம் வருவோருட் பெரும்பாலோர் நாடிச் செல்வது, பத்து காஜாவிற்கும் கோப்பேங்கிற்கும் இடையே ஒரு சிறு குன்றின்மேல் நிற்கும் கெல்லி மாளிகையையே. ஆற்றுப் பாலத்தைக் கடந்து, படியேறி, மாடத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பி விடுகின்றனர். அங்கிருந்து ஏறத்தாழ ஒரு நாழிகை நடைத் தொலைவில் ஒரு மாரியம்மன் கோயில் உளது. அதனைக் காணாது மீள்பவர் வரலாற்றிற் பாதியையே கண்டவராவர்.

முதற்கண் மாளிகையின் வரலாற்றை நோக்குவோம். அதனைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபதாம் வயதில் மலாயா போந்து, நில அளவைத் தொழில் நடத்திய ஆல்மா பேக்கர் என்பாரிடம் வேலையில் அமர்ந்தார். அத்தொழிலில் ஈட்டிய பொருளைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் காட்டை வாங்கினார். காட்டை அழித்து ரப்பர் நட்டார். ஈயத் தொழிலிலும் ஈடுபட்டார். தம் தாய்நாட்டுப் பண்ணையின் நினைவாகத் தோட்டத்திற்குக் ‘கிந்தா கெல்லாஸ்’ எனப் பெயரிட்டார். 1877-இல் கோலகங்சாரில் சில கன்றுகளாக ஊன்றப்பட்ட ரப்பர், மோட்டார் வண்டியின் வருகையால் உலகச் சந்தையில் பெருவிலை பெற்றிருந்த காலம் அது.

செல்வம் பெருகவே, முன்பிருந்த இல்லத்தின் அருகே 1915-இல் புதிய மாளிகை எழுப்பத் தொடங்கினார். வளைந்த வாயில்களும், நீண்ட தாழ்வாரங்களும், உயர்ந்த கோபுரமும் கொண்ட அதன் அமைப்பைக் காண்போர்க்கு 1892-இல் கட்டி முடிக்கப்பெற்ற சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் நினைவிற்கு வருதல் கூடும். அவ்வொப்புமை வியப்பிற்குரியதன்று. செங்கல்லும் சலவைக் கல்லும் இந்தியாவிலிருந்தே தருவிக்கப்பட்டன. கட்டும் கைவினைஞர் எழுபதின்மர் சென்னையிலிருந்தே வந்தனர் என்பர். அக்காலத்தில் மலாயாவின் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய முறை கங்காணி முறையாகும். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தபின், தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்குச் சென்று உற்றாரையும் உறவினரையும் அழைத்து வருவதே பெருவழக்காயிற்று. ஆகவே ஒரு தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோர் பலர் ஒரே வட்டாரத்தாராகவும், ஒரே தெய்வத்தை வணங்குவோராகவும் இருந்தனர்.

1918-இல் உலகெங்கும் பரவிய நச்சுக் காய்ச்சல் மலாயாவையும் தாக்கியது. மாளிகையைக் கட்டிய தொழிலாளரும் பலர் மடிந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. எஞ்சியோர் துரையிடம் சென்று, மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டுமெனக் கேட்டனர். அவரும் இசைந்தார். கோயில் எழுந்தது.

இச்செய்தியைத் துரையின் இரக்கத்திற்குச் சான்றாகக் கூறுவதே வழக்கம். இரக்கம் இல்லையென்று கூறவேண்டுவதில்லை. எனினும் கேட்டவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடல் கடந்து வந்து, மருத்துவம் கைகொடாத நோயில் தம்மவரை இழந்து நின்ற எளியோர், தமக்கு வேண்டுவது இன்னதெனத் தெளிந்து ஒன்றாய்க் கேட்டிருக்கின்றனர். நோய் தீர்ப்பவளும் மழை தருபவளுமாகிய மாரியை அவர்கள் நாடியது தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழைய வழக்கமே. ஊழியர் கை ஓய்ந்தால் மாளிகையும் ஓயும் என்பதைத் துரையும் உணர்ந்திருப்பார். ஆதலின் இக்கோயிலை ஒருவர் இட்ட பிச்சையென்று கொள்ளாது, பலர் கேட்டுப் பெற்ற உரிமையென்று கொள்ளுதலே பொருந்தும்.

இக்கோயிலில் வருவோர் கண்டு வியப்பது ஒன்றுண்டு. மேலே தெய்வ உருவங்களின் வரிசையில், கோட்டும் தொப்பியும் அணிந்த ஓர் உருவம் நிற்கின்றது. அது கெல்லி ஸ்மித்தின் உருவமேயாம். சிலர் இதனைக் கண்டு நகைப்பர். வேறு சிலர் வெள்ளையனைத் தெய்வமாக்கினரே என்று நொந்துகொள்வர். இரண்டும் வழக்கறியாமையால் வருவன. திருப்பதியில் கிருஷ்ணதேவராயர் தேவியர் இருவருடன் கைகூப்பிச் செப்புத் திருமேனியாய் நிற்கின்றார். மதுரைப் புதுமண்டபத்துத் தூண்களில் நாயக்க மன்னர் நிற்கின்றனர். கோயிலுக்குக் கொடை தந்தோரின் உருவத்தைக் கோயிலிலேயே அமைப்பது நம் நாட்டுத் தொன்மரபு. பேராக் தோட்டத்துத் தொழிலாளர் அம்மரபின்படியே துரையையும் ஒரு கொடையாளராக நிறுத்தினர். கல்வெட்டு வெட்டும் வாய்ப்பில்லாத அவர்கள் சுதையில் எழுதிய வரலாறு அது.

பின்னர் நிகழ்ந்ததையும் அறிதல் வேண்டும். 1926-இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் நுரையீரற் காய்ச்சலால் கெல்லி ஸ்மித் இறந்தார். அவர் மனைவியார் தோட்டத்தை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றது. காடு அதனை மூடியது. உடையவர் தமக்கெனக் கட்டிய வீட்டில் விளக்கெரியவில்லை. உழைத்தவர் கேட்டுப் பெற்ற கோயிலில் இன்றும் வழிபாடு நடக்கின்றது.

இவ்வூர்ப் பயணத்தில் பத்து காஜாக் கல்லறைத் தோட்டத்தையும் காண்பது நன்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் உயிர்நீத்த தோட்டத் துரைமாரும், சுரங்க அதிகாரிகளும், போர்வீரரும் அங்குத் துயில்கின்றனர். கல்தோறும் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. அது முறையே. ஆனால் 1918-இல் மடிந்த கொத்தனார்க்கும் பால்மரம் வெட்டியவர்க்கும் அத்தகைய கல் எங்கே? அவர்கட்கு உள்ள நினைவுச் சின்னம் அம்மாரியம்மன் கோயில் ஒன்றேயாம்.

இந்திய அரசு 1938-இல் தொழிலாளர் வருகையைத் தடுத்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. லயத்து மக்கள் புந்தோங் முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். மக்கள் பிரிந்தால் நினைவும் பிரியும். பாட்டன் எந்த ஊரிலிருந்து வந்தான், எந்தத் தோட்டத்தில் இறங்கினான், யார் கங்காணி என்பவற்றைச் சொல்லும் முதியோர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர்.

தமிழாசிரியர் இதனைக் கருதுதல் வேண்டும். மாணாக்கரை மாளிகைக்கு அழைத்துச் செல்லும் நாளில், அந்த ஒரு நாழிகை தூரத்தையும் அவர்களோடு நடந்து கோயிலுக்குச் செல்க. கோபுர நிழலில் அமர்ந்து, அவரவர் பாட்டன் பாட்டியின் பெயரையும் ஊரையும் தோட்டத்தையும் ஏட்டில் எழுதச் செய்க. தெரியாதவன் வீடு சென்று கேட்டு எழுதி வரட்டும். துரையின் உருவத்தைச் சுதையில் காத்தவர்களின் பெயரை ஏட்டிலேனும் காத்தல் அவர்தம் பேரப்பிள்ளைகளின் கடன்.