காப்புக்காடும் குடியுரிமையும்: பழனிமலையில் அரசுடைமையின் வரலாறு

பழனிமலையின் மேல்தளத்தை 1821இல் லெப்டினன்ட் வார்டு அளந்தெழுதியபோது, குன்னுவரும் பிறரும் பயிரிட்டு வாழ்ந்த பழைய ஊர்கள் அங்கே இருந்தன. தேனும் கிழங்கும் திரட்டி வாழ்ந்த பளியர், அவ்வூர்களுக்கு அப்பாலுள்ள சரிவுகளில் இருந்தனர். அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845இல் கோடைக்கானலில் வீடுகட்டிக் குடியேறியதும், மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்சு 1863இல் ஏரியை அமைத்ததும் பலரும் அறிந்தவை. ஊரைச் சூழ்ந்த காடு யாருடைய சொத்து என்ற வழக்கோ அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

இவ்வழக்கில் அரசின் அத்துமீறலுக்கு எதிரான வலுவான வாதம், விந்தையாக, அரசுக்குள்ளிருந்தே எழுந்தது. காடுகளை அரசுடைமையாக்கும் சட்ட வரைவு ஒன்றை இந்திய அரசு மாகாணங்களின் கருத்துக்கு அனுப்பியபோது, நிலவரியையும் நில ஆட்சியையும் மேற்பார்வையிட்ட சென்னை வருவாய் வாரியம், மாகாணத்துக் காடுகள் ஏறத்தாழ அனைத்தும் ஏதேனும் ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவன என்றும், அண்மைக்காலம் வரை அரசு அவற்றில் உடைமை கொண்டாடியதில்லை என்றும் 1871இல் கருத்துரைத்தது. அதன் விளைவாக 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தாமல் விடப்பட்டது. வரி தண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு குடிகளின் பக்கம் நின்று பேசியதில், புதிய வனத்துறையிடம் தன் அதிகாரம் கைமாறிவிடும் என்ற கவலையும் கலந்திருக்கலாம். ஆயினும் அது சொன்ன செய்தி பொய்யன்று.

அந்த நிலைப்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. இந்திய அரசின் வனத் தலைமை ஆய்வாளர் டீட்ரிச் பிராண்டிஸ் மேற்கொண்ட முயற்சியைத் தொடர்ந்து 1882இல் சென்னை வனச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, ஒரு நிலப்பரப்பைக் காப்புக்காடு, அதாவது அரசின் முழுக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட காடு, ஆக்கும் எண்ணத்தை அரசு முதலில் அறிவிக்கும். அரசால் அமர்த்தப்பட்ட வன நிர்ணய அலுவலர் உரிமை கோருவோரைக் குறித்த காலக்கெடுவுக்குள் முன்வருமாறு அழைப்பார். அக்கெடுவுக்குள் கோரப்படாத உரிமைகள் பொதுவாக அழிந்துபடும். மேல்முறையீட்டுக்கு இடமிருந்தது உண்மையே. ஆனால் எழுத்தறியாமலும், எழுதப்பட்ட ஆவணம் எதுவுமில்லாமலும் வாழ்ந்த பளியருக்கு அறிவிக்கையும் காலக்கெடுவும் எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. தலைமுறைகளாகத் திரட்டிய தேனும் கடுக்காயும் சிறு வன மகசூல் என்ற பெயரில் அரசின் வருவாயாயின. திரட்டியவர் அனுமதி பெறவேண்டியவரானார்.

உடைமை பெற்ற அரசு அதனைப் பேணிய விதமும் ஆராயத்தக்கது. சோலைக்காடுகளுக்கு இடையே விரிந்த இயற்கைப் புல்வெளிகளைப் பயனற்ற தரிசெனக் கருதிய வனத்துறை, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரத்தையும், பிற தேவைகளுக்காக யூகலிப்டசையும் பைனையும் அங்கே பெருமளவில் நட்டது. இன்று சீகை தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்கிவருவதால், அரசு நட்ட மரத்தை அரசுப் பணத்திலேயே அகற்றவேண்டியுள்ளது. தனியார் ஒருவர் இவ்வளவு நிலத்தைக் கெடுத்திருந்தால் அவரைப் பொறுப்பாக்க வழியிருந்திருக்கும்.

காடுசார் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தன் முகப்புரையிலேயே ஒப்புக்கொண்டு, உரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கத் தொடங்கும் பொறுப்பைக் கிராம சபையிடம் அளித்தது. எனினும், நீதிமன்ற ஆணை பெறாமல் உரிமைப் பட்டா வழங்கலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் இட்ட இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் அப்பணி முடங்கியது. உச்ச நீதிமன்றம் 2016இல்தான் அதனை நீக்கியது. இடைப்பட்ட 2013ஆம் ஆண்டில், ஏறத்தாழ 600 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கோடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தை அரசு அறிவித்தது. அதற்கு எந்தத் தடையும் குறுக்கே நிற்கவில்லை.