கட்டியை விட்டு நகையைப் பிடித்த கதை

தங்கத்தைக் கட்டியாகவோ காசாகவோ வாங்காமல் நகையாகவே வாங்குவது அறியாமை என்று முதலீட்டு ஆலோசகர்கள் சொல்கிறார்கள். கணக்கு அவர்கள் பக்கம்தான். செய்கூலியும் சேதாரமும் கடை வாசலைத் தாண்டும்போதே போய்விடுகின்றன. விற்கப் போனால் கல்லுக்கும் அழுக்குக்கும் கழிவு வேறு. ஆனாலும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் இந்தத் தேர்வை வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்குவது வரலாற்றைப் பாராமல் எழுதிய தீர்ப்பு. பொன் எந்த வடிவில் இருந்தால் சட்டம் கேள்வி கேட்காது, எந்த வடிவில் கொண்டுபோனால் கடன் கிடைக்கும் என்ற இரண்டையும் பார்த்தே நம்மவர்கள் தேர்ந்திருக்கிறார்கள் என்பது என் வாதம்.

காசின் மேல் இந்த மண்ணுக்கு வெறுப்பு இருந்ததே இல்லை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஏன் வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. முத்திரைக்கு இங்கே மதிப்பில்லை, எடைக்கே மதிப்பு என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நகையையும் அதே கண்ணால்தான் பார்த்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின்படி பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் எடைக்கல், மணி பதித்த அணிகலனை நிறுக்க தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல் என்று தனித்தனியே இருந்தன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை இறங்கிக்கொண்டே போகும். உள்ளே அடைத்த அரக்கும் அந்த எடையில் சேர்ந்தது என்பதைக்கூட எழுதிவைத்தார்கள். இன்றைய நகைக்கடை ரசீதுகள் சிலவற்றில் இந்த நேர்மை இல்லை. பிறகு வந்த ஆங்கிலேயரின் சவரன் காசு 1899இல் 15 ரூபாய்க்குச் செல்லும் நாணயமானது. 1918இல் பம்பாயிலேயே அச்சிடப்பட்டது. 22 காரட், 7.988 கிராம், எங்கே கொண்டுபோனாலும் அதே எடை, அதே மாற்று. மக்கள் அதையும் வாங்கினார்கள், காசுமாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டார்கள். நகையா, காசா என்ற கேள்விக்கு இரண்டும் ஒன்றாக இருக்கட்டும் என்பதே அவர்கள் கண்ட விடை.

அந்தப் பொன் எதற்குப் பயன்பட்டது என்பதை 1931 காட்டியது. விளைபொருள் விலை சரிந்து, வரியும் வட்டியும் கழுத்தை நெரித்தபோது, பிரிட்டன் நாணய மதிப்பைத் தங்கத்தோடு பிணைத்த முறையைக் கைவிட்டதால் தங்கத்தின் விலை ஏறியது. கிராமத்து நகைகள் உருகிக் கப்பலேறின. ஆனால் கட்டியை வீட்டைவிட்டே துரத்தியது சுதந்திர இந்தியாவின் சட்டம். சீனப் போரை ஒட்டி 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாடு, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை விதித்தது. பிழைப்பிழந்த பொற்கொல்லர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. காரட் வரம்பு 1966இல் நீங்கியது. 1968ஆம் ஆண்டுச் சட்டமோ தனியார் கட்டித் தங்கம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. நகைக்கு மட்டும் இடம் கொடுத்து, தனி ஆளிடம் 2,000 கிராமுக்கு மேல் இருந்தால் கணக்குக் காட்டு என்றது. இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை நகையை நாடியதை அறியாமை என்பது எப்படி?

நகை மோகம் 1963க்கு முந்தியது அல்லவா என்று கேட்கலாம். முந்தியதுதான். ஆனால் முன்பு பல வடிவங்களில் ஒன்றாக இருந்ததை, சாதாரண வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே வழியாக்கியது சட்டம். அந்தச் சட்டம் 1990இல் நீக்கப்பட்டதே, இன்னும் ஏன் பழைய வழக்கம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. சட்டம் போனது, அதன் சாய்வு போகவில்லை. வருமான வரிச் சோதனையில் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் வேண்டாம் என்ற 1994ஆம் ஆண்டு அறிவுறுத்தல் நகைகளுக்கே உரியது. ரிசர்வ் வங்கி விதிப்படி கட்டித் தங்கத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. காசு என்றால் 50 கிராம் வரைதான். தான் விற்ற காசை வங்கி திரும்ப வாங்குவதும் இல்லை. விதைப்புக்கும் கல்லூரிக் கட்டணத்துக்கும் நகைக்கடனை நம்பும் குடும்பம் கட்டியை வாங்கி என்ன செய்யும்?

அடகுக்கடைப் பக்கமே போகத் தேவையில்லாதவர், செய்கூலியை மிச்சப்படுத்திக் காசோ கட்டியோ வாங்கட்டும். மற்றவர்கள் நகையையே வாங்கலாம். கல் பதிக்காததாக, செய்கூலி குறைந்ததாக, 916 முத்திரையும் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.