உப்புக் கணக்கு

அணை கட்டி முடிச்சா விவசாயி என்ன கேட்பார்? தண்ணியைத் திறந்து விடுங்கன்னு கேட்பார். திருப்பூருக்குக் கீழே, நொய்யலின் குறுக்கே 1992ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் நடந்ததே வேறு. இதில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல் பெரிய ஆறு ஒண்ணும் இல்லை. மழைக்கு ஓடும், மற்ற மாதங்களில் வெறும் மணல். பனியன் ஏற்றுமதி சூடுபிடித்ததும் அந்த மாதங்களிலும் ஓட ஆரம்பித்தது. ஓடியது சாயக்கழிவு. அணைக்குக் கணக்குப் போட்டவர்கள் மழையை மட்டும்தான் கணக்கில் எடுத்திருப்பார்கள்போல.

நான் முதலில் சாயத்தின் நிறம்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தேன். இல்லை, உப்பு. பருத்தியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை அடக்கி, சாயத்தைத் துணியில் ஏற்றத்தான் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். வேலை முடிந்தும் உப்பு செலவாவதில்லை, போட்டது அப்படியே கழிவோடு வெளியே வரும். தொண்ணூறுகளில் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தன, கசடைக் குறைத்தன. கரைந்த உப்பை அவற்றால் பிரிக்க முடியாது. என் தொழிலிலும் இது உண்டு: திரையில் சிவப்பாத் தெரியுறதை மட்டும் சரிபண்ணிட்டு டிக்கெட்டை மூடிருவோம்.

அணையில் நின்ற நீர் மண்ணுக்குள் இறங்கியது. சுத்துப்பட்டுக் கிணறெல்லாம் உப்பாச்சு. நொய்யல் பாசனக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2004ல் சூழலியல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களில் சுமார் 28,500 விவசாயிகளுக்கு ஏறக்குறைய 25 கோடி ரூபாய் இழப்பீடு என்றது. கேட்கப் பெரிய தொகை. வகுத்துப் பாருங்க, தலைக்கு ஒன்பதாயிரம்கூட வராது. அந்தக் காசில் ஒரு போர்வெல் போட முடியுமா? போட்டாலும் வரப்போவது அதே உப்புத் தண்ணிதானே.

சொட்டுக் கழிவும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவு 2006ல் வந்தது. பெரும்பாலும் ஏட்டளவில் இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவைக் கண்டும் காணாமல் இருந்த ஆண்டுகளுக்கான விலையைக் கடைசியில் கொடுத்தவர்களில் தினக்கூலிக்குச் சாயம் கலக்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு இழப்பீடு கேட்டு யார் நீதிமன்றம் போவது?

பிறகு வடிகட்டும் சவ்வுகளும் ஆவியாக்கும் இயந்திரங்களும் வந்தன. தண்ணீரையும் உப்பின் பெரும்பகுதியையும் மீட்டு மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மீட்க முடியாத கலப்பு உப்பு மட்டும் மிஞ்சுகிறது. அதை மூட்டை கட்டி, சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் அடுக்கி வைத்தார்கள்.