மரக்காற்று ஐவர் குழுவுக்கான உருப்படித் தெரிவு

மரக்காற்று ஐவர் குழு என்பது புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், பிரெஞ்சுக் கொம்பு ஆகிய ஐந்து கருவிகளைக் கொண்ட மேற்கத்திய செவ்வியல் இசைக்குழு வகையாகும். இவற்றுள் கொம்பு பித்தளைக் கருவியே. எனினும் அதன் மென்மையான ஒலி மற்ற நான்குடனும் இயைந்து செல்வதால் இக்குழுவில் இடம்பெற்றது. நிகழ்ச்சிக்கான உருப்படிகளைத் தெரிவு செய்வதில் இக்குழு எதிர்கொள்ளும் சிக்கல்கள் நரம்பிசை நால்வர் குழுவுக்குப் பெரும்பாலும் இல்லாதவை.

கிடைக்கும் படைப்புகள்

ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் ஆகியோர் நரம்பிசை நால்வருக்கு ஏராளமாக எழுதினர். இந்த ஐந்து கருவிச் சேர்க்கைக்கோ அவர்களின் புகழ்பெற்ற படைப்பு எதுவும் இல்லை. மோட்சார்ட்டின் கே. 452, பேத்தோவனின் படைப்பு எண் 16 ஆகியவையும் ஐவருக்கானவையே. ஆனால் அவற்றில் புல்லாங்குழலுக்குப் பதிலாகப் பியானோ உள்ளது. பட்டியலில் "ஐவர்" என்ற சொல்லை மட்டும் பார்த்து இசைத்தாள் வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வடிவத்தை நிலைபெறச் செய்தவர் பிராகா நகரில் பிறந்து பாரிசில் வாழ்ந்த அன்டன் ரெய்ச்சா (1770-1836) ஆவார். இவர் இயற்றிய 24 ஐவரிசைகள் படைப்பு எண் 88, 91, 99, 100 என ஆறாறாக வெளிவந்தன. அவை நீளமானவை. அவரைப் பின்பற்றிய பிரான்ஸ் டான்சியின் ஒன்பது ஐவரிசைகள் சுருக்கமானவை. புதிய குழு ஒன்று தொடங்குவதற்கு ரெய்ச்சாவைவிட டான்சியே பொருத்தம். பின்னர் 1876 இல் எழுதப்பட்ட பவுல் தஃபனெலின் ஐவரிசை நீங்கலாக 19 ஆம் நூற்றாண்டின் எஞ்சிய காலத்தில் அதிகம் இல்லை. வளமான காலம் 1922 இல் தொடங்குகிறது. கார்ல் நீல்சனின் படைப்பு எண் 43, பவுல் ஹிண்டமித்தின் படைப்பு எண் 24/2 ஆகிய இரண்டும் அவ்வாண்டில் இயற்றப்பட்டவை.

உதட்டுக் களைப்பு

பெரிய இசைக்குழுவில் காற்றுக்கருவி இசைப்போருக்கு நீண்ட ஓய்வுகள் கிடைக்கும். ஐவர் குழுவில் அவ்வாறன்று. ஐவரும் ஏறத்தாழ இடைவிடாது இசைக்கின்றனர். முதலில் தளர்வது பெரும்பாலும் கொம்பு இசைப்பவரின் உதடுகளே. ஓபோவின் இரட்டைச் சீவாளி வழியே மிகக் குறைந்த காற்றே செல்வதால், அதை வாசிப்பவர் மூச்சு இழுப்பதற்கு முன் பயன்படாத காற்றை வெளியேற்றவும் இடம் தேட வேண்டியுள்ளது. எனவே உருப்படியின் நீளத்தைவிட, அதில் ஒவ்வொருவருக்கும் எத்தனை ஓய்வு உண்டு என்பதே முதலில் பார்க்கத்தக்கது. ஏறத்தாழ 40 நிமிடம் நீளும் ஆர்னோல்ட் சோன்பேர்க்கின் படைப்பு எண் 26 ஐ நிகழ்ச்சியில் சேர்த்தால், அதனுடன் வேறு கடினமான உருப்படிக்கு இடமிராது. டான்சி ஒன்று, ஜாக் இபேரின் மூன்று சிறு துண்டுகள் (1930), இடைவேளைக்குப் பின் நீல்சன் என்ற வரிசை உதடுகளுக்கும் கேட்போருக்கும் தாங்கக்கூடியது. இபேரின் படைப்பு ஏழு நிமிட அளவே கொண்டது.

கூடுதல் கருவிகள்

இசைத்தாளைத் தெரிவு செய்தபின் தெரியவரும் தடைகளும் உண்டு. ஹிண்டமித்தின் இரண்டாம் பகுதியில் புல்லாங்குழல் வாசிப்பவர் பிக்கலோவை எடுக்க வேண்டும். நீல்சனின் மூன்றாம் பகுதியின் முன்னுரையில் ஓபோ வாசிப்பவருக்கு ஆங்கிலக் கொம்பு தேவை. அப்படைப்பின் முடிவில் பசூனின் வழக்கமான எல்லைக்குக் கீழே ஓர் சுரம் வருகிறது. கருவியின் வாயில் ஒரு குழாயைச் செருகி நீளத்தைக் கூட்டியே அதை எழுப்புகின்றனர். மாணவர் குழுக்கள் பல இதற்குத் தடித்த தாளைச் சுருட்டிப் பயன்படுத்துவதுண்டு.

தழுவல்கள்

மூலப்படைப்புகள் குறைவென்பதால் தழுவல்கள் இக்குழுக்களுக்கு இன்றியமையாதவை. ரவேலின் பியானோ படைப்பான "கூப்ரனின் நினைவிடம்" மேசன் ஜோன்சின் தழுவலில் பரவலாக இசைக்கப்படுகிறது. ஜியோர்ஜி லிகெட்டி தம் பியானோ தொகுப்பு ஒன்றிலிருந்து ஆறு துண்டுகளை 1953 இல் தாமே ஐவருக்கு மாற்றியமைத்தார். 1956 இல் அங்கேரியில் அவை அரங்கேறியபோது, ஒவ்வாச் சுரங்கள் மிகுந்த ஆறாவது துண்டு விலக்கப்பட்டது. ஆறும் சேர்ந்து முதன்முதலாக 1969 இல் சுவீடனில் இசைக்கப்பட்டன.